பாக்டீரியாக்களுக்கிடையே வேதிச் சமிக்ஞை: அனுப்புநரும் பெறுநரும் அமைக்கும் முறை

செயற்கை உயிரியலில் செல்களுக்கிடையே தகவல் பரிமாற்றத்தை உருவாக்க விரும்புவோர் முதலில் கற்க வேண்டியது அனுப்புநர்–பெறுநர் சுற்று. ஒரு பாக்டீரியா சிறு மூலக்கூறு ஒன்றை வெளியிடும். மற்றொன்று அதை உணர்ந்து பச்சையாக ஒளிரும். கேட்பதற்கு எளிதாக இருந்தாலும், இரண்டையும் ஒரே நாளில் கலந்து சோதித்தால், ஒளி வராதபோது பிழை எங்கே இருக்கிறது என்று அறிய வழியே இராது. எனவே பெறுநரைத் தனியாக அளந்து முடித்த பின்னரே அனுப்புநரைத் தொட வேண்டும் என்பதே இக்குறிப்பின் அடிப்படை. பிளாஸ்மிட் (செல்லுக்குள் மரபணுக்களைக் கொண்டு செல்லும் வட்ட டி.என்.ஏ.) செலுத்துதலும் செல் வளர்ப்பும் ஓரளவு தெரிந்தவர்களுக்காகவும், உயிரியல் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்ட ஆய்வகத்தில் செய்வதற்காகவும் இதை எழுதுகிறேன்.

படி 1: பாகங்களைப் புரிந்துகொள்ளுதல்

கடலில் வாழும் விப்ரியோ ஃபிஷெரி என்னும் பாக்டீரியா, அடர்த்தியாகப் பெருகிய பிறகே ஒளிர்கிறது என்பதை நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் ஆகியோர் 1970-இல் விளக்கினர். அதன் லக்ஸ்-ஐ என்னும் நொதி 3-ஆக்சோஹெக்சனாயில் ஹோமோசெரின் லாக்டோன் என்ற சமிக்ஞையைத் தயாரிக்கிறது, சுருக்கமாக ஏ.எச்.எல். எனலாம். இது செல் சவ்வைத் தானாகவே ஊடுருவிச் செல்லும். அடுத்த செல்லில் உள்ள லக்ஸ்-ஆர் புரதம் இதனுடன் இணைந்து, லக்ஸ் ஊக்கியை, அதாவது தன்னை அடுத்துள்ள மரபணுவைத் தொடங்கிவைக்கும் டி.என்.ஏ. பகுதியை, இயக்குகிறது. நமக்கு வாய்ப்பான செய்தி என்னவென்றால், ஏ.எச்.எல். தயாரிக்கத் தேவையான மூலப்பொருள்கள், ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் ஈ.கோலை பாக்டீரியாவின் செல்லில் ஏற்கெனவே உள்ளன. லக்ஸ்-ஐ மரபணுவை மட்டும் சேர்த்தால் போதும்.

படி 2: பிளாஸ்மிட்களைத் திட்டமிடுதல்

பெறுநரில் லக்ஸ்-ஆர் எப்போதும் இயங்கும் ஊக்கியின் கீழும், பச்சை ஒளிர்புரதம் லக்ஸ் ஊக்கியின் கீழும் இருக்க வேண்டும். அனுப்புநரில் லக்ஸ்-ஐ மரபணுவோடு சிவப்பு ஒளிர்புரதத்தையும் சேர்த்தால், கலவையில் இரு வகைச் செல்களையும் பிரித்தறியலாம்.

தொடக்கநிலையாளர்கள் பலர் கவனிக்காமல் விடுவது ஆன்டிபயாட்டிக் தேர்வு. ஒரே செல்லில் இரு பிளாஸ்மிட்களை வைப்பவர்கள் இரு வேறு எதிர்ப்பு மரபணுக்களைப் பயன்படுத்துவது வழக்கம். இங்கோ பிளாஸ்மிட்கள் வெவ்வேறு செல்களில் உள்ளன. ஒன்றில் கானாமைசின் எதிர்ப்பும் மற்றொன்றில் குளோராம்பெனிகால் எதிர்ப்பும் இருந்து, இரு மருந்துகளையும் ஊடகத்தில் இட்டால், இரு செல் வகைகளுமே வளராது. ஆகவே இரண்டிலும் ஒரே எதிர்ப்பு மரபணுவை வையுங்கள். ஆம்பிசிலினைத் தவிர்ப்பது நல்லது. அதை அழிக்கும் நொதி ஊடகத்திலும் கசிவதால், பிளாஸ்மிட்டை இழந்த செல்களும் பிழைத்துக்கொள்ளும்.

படி 3: பெறுநரை அளத்தல்

விலைக்கு வாங்கிய தூய ஏ.எச்.எல்.-ஐ டி.எம்.எஸ்.ஓ. என்னும் கரைப்பானில் கரைத்து உறைநிலையில் சேமியுங்கள். பெறுநர் வளர்ப்பு இளம் வளர்ச்சி நிலையில் இருக்கும்போது 0, 0.1, 1, 10, 100, 1000 நானோமோலார் செறிவுகளில் அதைச் சேருங்கள், டி.எம்.எஸ்.ஓ.வின் அளவு சோதனைத் தட்டின் எல்லாக் குழிகளிலும் சமமாக இருக்கட்டும். குழிகளின் ஒளியை அளக்கும் கருவியான தட்டளவியில் 485 நானோமீட்டர் அருகே தூண்டி, 515 அருகே ஒளியை அளந்து, ஒவ்வொரு மதிப்பையும் 600 நானோமீட்டரில் எடுத்த செல் அடர்த்தியால் வகுக்க வேண்டும். ஒளிர்புரதம் இல்லாத செல்லின் மதிப்பை முன்னதாகவே கழிக்க மறக்கக்கூடாது.

சமிக்ஞையே இல்லாத குழியும் நன்றாக ஒளிர்ந்தால் ஊக்கி கசிகிறது என்று பொருள். லக்ஸ்-ஆரின் அளவையோ பிளாஸ்மிட்டின் நகல் எண்ணிக்கையையோ குறைத்துப் பாருங்கள். எல்லாக் குழிகளும் மங்கலாக இருந்தால், மேற்கொண்டு எதுவும் செய்யாமல் பிளாஸ்மிட்டை டி.என்.ஏ. வரிசைப்படுத்தலுக்கு அனுப்புவதே சிக்கனம். இவ்வளவீட்டில் கிடைக்கும் வளைகோடுதான் அடுத்த படிகளுக்கு அளவுகோல்.

படி 4: அனுப்புநரைச் சோதித்தல்

அனுப்புநர் வளர்ப்பை மையவிலக்கியில் சுழற்றி, செல்கள் அடியில் படிந்தபின் மேலே நிற்கும் மேல்திரவத்தை 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் செலுத்தி, பல மடங்கு நீர்க்கச் செய்து பெறுநருக்குக் கொடுங்கள். கிடைக்கும் ஒளியை முந்தைய வளைகோட்டுடன் ஒப்பிட்டால் ஏ.எச்.எல்.-இன் தோராயச் செறிவு தெரியும். லக்ஸ்-ஐ இல்லாத செல்லின் மேல்திரவத்தையும் உடன் வைக்க வேண்டும். கார ஊடகத்தில் லாக்டோன் வளையம் திறந்து சமிக்ஞை அழியும், எல்.பி. என்னும் வழக்கமான வளர்ப்பு ஊடகத்தில் நெடுநேரம் வளர்ந்த ஈ.கோலை அதைக் காரமாக்கக்கூடியது என்பதால், அமில-கார அளவை நிலையாக வைக்கும் தாங்கல் கரைசல் சேர்த்த ஊடகமே ஏற்றது.

படி 5: கலத்தல்

அகார் தட்டு முழுவதும் பெறுநரைப் பரப்பி, நடுவில் ஒரு துளி அனுப்புநரை வைத்தால், ஒளி நடுவிலிருந்து வெளிநோக்கிப் பரவுவதைக் காணலாம். திரவத்தில் கலக்கும்போது ஒரு வகை மற்றொன்றை முந்தி வளரக்கூடும். சிவப்பு, பச்சை இரண்டையும் தொடர்ந்து அளப்பதோடு, மாதிரிகளைத் தட்டில் பரப்பிக் காலனிகளையும் எண்ணுங்கள்.

இரண்டாவது சமிக்ஞை தேவைப்பட்டால் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்னும் பாக்டீரியாவின் லாஸ் அமைப்பு பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் அதன் லாஸ்-ஆர் புரதம் லக்ஸ் ஊக்கியையும் ஓரளவு இயக்கவல்லது. ஆகவே ஒவ்வொரு சமிக்ஞையையும் ஒவ்வொரு பெறுநருக்கும் தனித்தனியே கொடுத்து, நான்கு சேர்க்கைகளுக்கும் படி 3-இல் சொன்ன வளைகோட்டை வரைந்த பின்னரே இரண்டையும் ஒரே குடுவையில் சேர்க்க வேண்டும்.