எதிராளி அப்பீல் போட்டால் டிகிரி நின்றுவிடுமா? ஜெயித்தவர்கள் செய்யும் தவறுகள்

"அவன் அப்பீல் போட்டுட்டான்லா, இனி நாம என்ன செய்ய முடியும்?" பாளையங்கோட்டை கோர்ட்டில் கேஸ் ஜெயித்தவர்களே இப்படிக் கேட்கிறார்கள். செய்ய முடியும். அப்பீல் தாக்கலானதாலேயே டிகிரி, அதாவது தீர்ப்பின்படி கோர்ட் பிறப்பிக்கும் உத்தரவு, நின்றுவிடாது, அப்பீல் கோர்ட் தனியாகத் தடையுத்தரவு போட்டால்தான் நிற்கும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 41, விதி 5.

இது தெரியாமல் சும்மா இருப்பதுதான் பெரிய தவறு. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு நஞ்சைக்குச் சுவாதீன டிகிரி (நிலத்தை ஒப்படைக்கச் சொல்லும் டிகிரி) வாங்கியவர் அப்பீல் முடியட்டும் என்று காத்திருந்தால், வருஷா வருஷம் கார், பிசானம் என்ற இரண்டு போக நெல்லையும் தோற்றவர்தான் அறுப்பார். டிகிரி நகல் கைக்கு வந்ததும், கேஸ் நடந்த கோர்ட்டிலேயே, டிகிரியை அமல்படுத்தக் கேட்டு நிறைவேற்று மனு போடுங்கள். டிகிரி தேதியிலிருந்து 2 வருஷம் தாண்டினால் முதலில் எதிராளிக்கு நோட்டீஸ் போக வேண்டும். அதற்கே பல வாய்தா ஓடிவிடும். மனு நிலுவையில் இருக்கும்போதே ஆள் கூட்டிக்கொண்டு டிராக்டரோடு வயலில் இறங்குவது அதைவிட மோசம். கோர்ட் ஊழியரான அமீனா வந்து சுவாதீனம் ஒப்படைக்கட்டும்.

கேவியட், அதாவது நம்மைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்று முன்கூட்டியே கோர்ட்டில் கொடுக்கும் மனு, விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதன் ஆயுள் 90 நாள். முதல் அப்பீல் முடிந்து, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் இரண்டாவது அப்பீல் போடவும் 90 நாள் அவகாசம். நகல் வாங்கச் செலவான நாட்கள் அந்த 90 நாள் கணக்கில் சேராது. ஆக, தீர்ப்பன்றே போட்ட கேவியட் காலாவதியான பிறகு அப்பீல் வரலாம். புதுப்பிக்க மறக்காதீர்கள்.

தடையுத்தரவே வந்தாலும் மனம் விட வேண்டாம். உத்தரவை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். பண டிகிரி என்றால், தொகையில் ஒரு பகுதியை இன்ன தேதிக்குள் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். கெடு முடிந்த மறுநாளே பணம் கட்டியாகிவிட்டதா என்று விசாரியுங்கள். பலர் விசாரிப்பதே இல்லை, எனக்கு அதுதான் ஆற்றாமை. கடையையோ வீட்டையோ காலி செய்யச் சொன்ன டிகிரியாக இருந்தால், தடை மனு விசாரணையிலேயே, அனுபவிக்கும் காலத்துக்கு நியாயமான தொகை கட்டச் சொல்லும்படி கேளுங்கள். அப்படி நிபந்தனை போடலாம் என்று 2004-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

"ஆறு மாசத்துல ஸ்டே தானா போயிரும்" என்பதை இனி நம்பாதீர்கள். 2018-ல் அப்படி ஒரு தீர்ப்பு வந்தது உண்மை. 2024 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. தடையை நீக்க வேண்டுமென்றால் அதற்கு மனு போட்டாக வேண்டும்.

சுவாதீனம் கிடைத்ததும் இடத்தை விற்பதோ மாடி எழுப்புவதோ ஆபத்து. அப்பீலில் தீர்ப்பு மாறினால் அதே நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 144-ன்படி திருப்பிக் கொடுக்க வேண்டும். வாங்கியவரையும் அந்தத் தீர்ப்பு கட்டும்.

நிறைவேற்று மனு போடக் காலக்கெடுவும் உண்டு. பொதுவாக 12 வருஷம். ஆனால் பாதையை மறித்துக் கட்டிய சுவரை இடிக்கச் சொல்லும் செயலுறுத்துக் கட்டளைக்கு 3 வருஷம்தான். தடை அமலில் இருந்த நாட்கள் கணக்கில் சேராது. வெறுமனே அப்பீல் நிலுவையில் இருந்த நாட்கள் கணக்கில் சேரும். எதிராளி தாமதமாகப் போட்ட அப்பீல், தாமதத்தை மன்னிக்காமலே தள்ளுபடியானால், பழைய டிகிரி தேதியிலிருந்தே கணக்கு ஓடும்.