பிணைந்த ஃபோட்டான்களை உருவாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழகக் கல்லூரிகளில் இயற்பியல் படித்துவிட்டு, பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம், ராமன் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களுக்குக் குவாண்டம் ஒளியியல் பயில வரும் மாணவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் கற்றையைப் பேரியம் போரேட் படிகத்தில் செலுத்தினால், பல கோடி ஃபோட்டான்களில் ஒன்று மட்டும் 810 நானோமீட்டர் அலைநீளமுள்ள இரண்டாகப் பிரியும். இந்த இணையைப் பெறுவதைவிட, அது பிணைந்த நிலையில்தான், அதாவது இரண்டையும் தனித்தனியே விவரிக்க முடியாத ஒரே கூட்டு நிலையில்தான், இருக்கிறது என்று உறுதிசெய்வது கடினம்.

இரண்டு டிடெக்டர்களும் ஒரே கணத்தில் துடிப்பு தருவதைக் கண்டவுடன் பிணைவு கிடைத்துவிட்டதாக முடிவு செய்வதே முதன்மையான தவறு. அந்த உடனிகழ்வுகள், இணைகள் பிறக்கின்றன என்பதை மட்டுமே சொல்கின்றன. ஒளியின் அதிர்வுத் திசையை வடிகட்டும் தளவிளைவிகளைக் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் வைத்து அளக்கும்போது முழுமையான ஒப்புமை தெரிந்தாலும் அது போதாது. பாதி இணைகள் கிடைமட்டமாகவும் மீதி இணைகள் செங்குத்தாகவும் வருகிற வெறும் கலவையும் அதே முடிவைத் தரும். ஒரு தளவிளைவியை 45 பாகையில் நிறுத்தி மற்றதைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். கலவையாக இருந்தால் எண்ணிக்கை மாறாது. பிணைந்த நிலையாக இருந்தால் உச்சத்துக்கும் ஏறக்குறைய சுழிக்கும் இடையே ஏறி இறங்கும். உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைக்கும் அளவு எல்லாத் திசைகளிலும் சுமார் 71 விழுக்காட்டைத் தாண்டினால், குவாண்டம் அல்லாத உள்ளூர் விளக்கங்களுக்கு எல்லை வகுக்கும் பெல் சமனின்மை மீறப்படும் என்று எதிர்பார்க்கலாம்.

இந்த அளவு குறைந்தால் பலர் டிடெக்டரைச் சந்தேகிக்கிறார்கள். நான் முதலில் படிகத்தைத்தான் பார்க்கச் சொல்வேன். அச்சுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த இரண்டு படிகங்களைக் கொண்டு 1999-இல் பால் குவியட்டும் அவருடைய குழுவினரும் காட்டிய முறையில், இணை எந்தப் படிகத்தில் பிறந்தது என்பதற்கான தடயம் எதுவும் ஒளியில் மிஞ்சக் கூடாது. நேரத்திலோ திசையிலோ அலைநீளத்திலோ அத்தகைய தடயம் இருந்தால், அதை யாரும் அளக்காவிட்டாலும், இரு வாய்ப்புகளின் மேற்பொருந்தல் அந்த அளவுக்குக் கலவையாகிவிடும். இத்தடயத்தை நீக்க உதவும் ஈடுசெய்யும் படிகங்களைச் செலவு கருதித் தவிர்ப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கிறார்கள்.

எண்ணிக்கை போதவில்லை என்று லேசரின் திறனைக் கூட்டிக்கொண்டே போவதும் கெடுதல். உண்மையான இணைகள் திறனுக்கு நேர்விகிதத்தில் பெருகும். வெவ்வேறு இணைகளின் ஃபோட்டான்கள் தற்செயலாக ஒன்றுசேரும் பொய்யான உடனிகழ்வுகளோ திறனின் இருமடிக்கு ஏற்பப் பெருகும். ஒவ்வொரு டிடெக்டரும் நொடிக்கு 1,00,000 துடிப்புகள் தந்து, இரு துடிப்புகளை ஒரே கணத்தவை என ஏற்கும் நேரச் சாளரம் 10 நானோநொடியாக இருந்தால், நொடிக்கு 100 உடனிகழ்வுகள் பொய்யானவை. சாளரத்தை 2 நானோநொடியாகச் சுருக்கினால் அது 20 ஆகும்.

ஒளியிழைத் தேர்விலும் கவனம் தேவை. தொலைத்தொடர்புக்கான வழக்கமான ஒற்றைமுறை இழை (ஒளியை ஒரே பரவல் வடிவில் மட்டும் செலுத்துவது), 810 நானோமீட்டரில் ஒற்றைமுறை இழையாக இயங்காது. சரியான இழையிலும் தளவிளைவு வெப்பநிலையோடு திரியும். பெங்களூரின் காலைக் குளிரில் கட்டடங்களுக்கிடையே சரிசெய்த இணைப்பை நண்பகலில் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

இறுதியில் பெல் அளவீட்டின் மதிப்பை அறிவிக்கும்போது, பெல் சமனின்மையின் 2 என்ற எல்லையைத் தாண்டியதாக மட்டும் எழுதாமல், பிழை வரம்பையும், பொய்யான உடனிகழ்வுகளைக் கழிப்பதற்கு முன்னும் பின்னும் கிடைத்த மதிப்புகளையும் சேர்த்தே தர வேண்டும். 2.83-ஐ விடத் தெளிவாக மிகுந்த மதிப்பு வந்தால், குவாண்டம் இயற்பியலே அதை அனுமதிப்பதில்லை என்பதால், கழித்தலையும் கோண அமைப்புகளையும் முதலிலிருந்து சோதிக்க வேண்டும்.