முகவருக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது செய்யக்கூடாத தவறுகள்

முன்பின் தெரியாதவர் அனுப்பும் இணைப்புக் கோப்பை, எழுத்தாளர் சார்பில் பதிப்பகங்களிடம் பேசி நூல் வெளிவர வழிசெய்யும் இலக்கிய முகவர்கள் பலர் திறப்பதே இல்லை. வைரஸ் பயம் ஒரு முக்கியக் காரணம். அறிமுகக் கடிதத்தையும் அதன் கீழே நாவலின் முதல் 5 அல்லது 10 பக்கங்களையும் மின்னஞ்சலுக்குள்ளேயே ஒட்டி அனுப்பச் சொல்வார்கள். ஆளுக்கு ஆள் விதி மாறும் என்பதால், ஒருவருக்கு எழுதியதை அப்படியே இன்னொருவருக்கும் தள்ளிவிடக் கூடாது. பத்துப் பேரை ஒரே மின்னஞ்சலில் சேர்த்து அனுப்புவது அதைவிட மோசம்.

அதிகம் பேர் கோட்டை விடுவது ஒட்டும் இடத்தில்தான். வேர்டிலிருந்து எடுத்து ஒட்டும்போது எழுத்துரு, நிறம், வரி இடைவெளி எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் கூடவே வந்துவிடும். உங்கள் திரையில் அழகாகத்தான் இருக்கும். முகவர் கைபேசியில் இருண்ட பின்னணி வைத்திருந்தால், கறுப்பு நிறம் ஒட்டிக்கொண்டு வந்த எழுத்து அந்தக் கறுப்பிலேயே கரைந்துபோகலாம். மேற்கோள் குறி இருந்த இடத்தில் புரியாத குறியீடுகள் முளைப்பதும் உண்டு. கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஜிமெயிலில் வெறும் எழுத்து மட்டும் ஒட்டும். இந்த ஒரு பழக்கமே பாதித் தொல்லையைத் தீர்த்துவிடும்.

அப்படி ஒட்டியதும் சாய்வெழுத்து போய்விடும். தேவையான இடத்தில் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள். பத்தியின் தொடக்கத்தில் டேப் தட்டி விட்ட இடைவெளியை நம்பாதீர்கள். ஒற்றை வரி இடைவெளி வைத்து, பத்திக்கும் பத்திக்கும் நடுவே ஒரு வரி காலியாக விட்டால் போதும். இதில் ஒரு சிக்கல் உண்டு. எல்லாப் பத்திக்கும் காலி வரி வந்துவிட்டால், காட்சி மாறுவது வாசிப்பவருக்கு எப்படித் தெரியும்? நேற்று இரவு சண்டை போட்டுப் பிரிந்த இருவர், அடுத்த வரியிலேயே சேர்ந்து சிரிப்பதுபோல் ஆகிவிடும். காட்சி மாறும் இடத்தில் நடுவில் ஒரு # போடுங்கள்.

முகவரின் அலுவலக முகவரி, தேதி, உங்கள் முகவரி என்று தபால் கடிதம்போலத் தொடங்க வேண்டாம். கைபேசியில் முதல் திரை அதற்கே போய்விடும். உங்கள் கதை கீழே தள்ளப்படும். தொடர்பு விவரங்களைக் கடிதத்தின் முடிவில் பெயருக்குக் கீழே கொடுக்கலாம். படம், வண்ணப் பின்னணி எதுவும் வேண்டாம். முகவர் வேறு மாதிரி கேட்டிருந்தாலொழிய, பொருள் வரியில் இது அறிமுகக் கடிதம் என்பதும், நூலின் பெயரும் வகையும் இருந்தால் போதும்.

அனுப்பும் முன் உங்களுக்கே ஒரு பிரதி அனுப்பி, கைபேசியிலும் கணினியிலும் திறந்து பாருங்கள். முடிந்தால் வேறு நிறுவனத்தின் மின்னஞ்சல் கணக்கு வைத்திருக்கும் நண்பருக்கும் அனுப்பிப் பார்ப்பது நல்லது.

சரி, முழு நாவலையும் கேட்டுவிட்டார்கள் என்றால் கணக்கே வேறு. இப்போது இணைப்பாகத்தான் போகும்: பெரும்பாலும் வேர்டு கோப்பு, 12 புள்ளி எழுத்தளவு, இரட்டை வரி இடைவெளி, நாலு பக்கமும் 1 அங்குல ஓரம். கோப்புக்கு வெறுமனே ‘நாவல்’ என்று பெயர் வைத்தால் பத்து நாவல்களுக்கு நடுவே எது உங்களுடையது என்று அவர் தேட வேண்டியிருக்கும். உங்கள் பெயரையும் நூலின் பெயரையும் சேர்த்தே வையுங்கள். அவர் கேட்டு எழுதிய மின்னஞ்சலுக்குப் பதிலாகவே அனுப்புங்கள்; தான் கேட்ட நாவல்தான் இது என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும்.