லண்டனிலிருந்து அவதூறு நோட்டீஸ் வந்தால்

பெங்களூரு வைட்ஃபீல்டில் வேலை பார்க்கும் நம்ம ஊர்த் தம்பி ஒருவருக்குப் போன மாதம் லண்டன் வக்கீல் நோட்டீஸ் வந்தது. வீடியோ காலில் லண்டன் கிளையன்ட் ஆட்கள் மூன்று பேர் இருக்கும்போது, பழைய ஒப்பந்தக்காரர் ஒருவரைப் பற்றி "பில்லில் மணிக்கணக்கைக் கூட்டிப் போடுவார்" என்று சொல்லியிருக்கிறார். "உண்மையைத்தானே சொன்னேன், கேஸ் போடட்டும்" என்று ராத்திரியோடு ராத்திரியாகப் பதில் மெயில் தட்டி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நல்லவேளை, அனுப்பவில்லை. இங்கே உட்கார்ந்து இங்கிலாந்து வழக்குப் பேப்பர்களைப் படிப்பதுதான் என் வேலை, அதனால் சொல்கிறேன், உண்மை என்ற வாதத்தை முதலில் எடுக்காதீர்கள். அதை நிரூபிக்கும் சுமை முழுக்க உங்கள் தலையில்தான் விழும். "இன்னொருவர் சொன்னதைத்தான் சொன்னேன்" என்பதும் அங்கே எடுபடாது, அந்த இன்னொருவர் சொன்னது உண்மை என்றும் நீங்கள்தான் காட்ட வேண்டும்.

முதலில் எதிராளியின் வழக்கு நிற்குமா என்று பாருங்கள். பேசிய தேதி என்ன? ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். மூன்றாவது ஆள் யாராவது கேட்டார்களா? எதிராளியிடம் மட்டும் தனியாகச் சொல்லியிருந்தால் அவதூறே இல்லை. இங்கிலாந்தின் 2013 அவதூறுச் சட்டத்தின்படி எதிராளியின் பெயருக்குக் கடுமையான பாதிப்பு வந்திருக்க வேண்டும், அல்லது வரக்கூடியதாக இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு என்றால் இதற்கு மேல் பண நஷ்டத்தையும் காட்டச் சொல்வார்கள். ஆனால் ஜெயிலுக்குப் போகும் அளவுக்கான குற்றத்தைச் சுமத்தினாலோ, தொழிலைக் கெடுக்கும்படி பேசினாலோ நஷ்டக் கணக்கு தேவையில்லை, தம்பி மாட்டியது அங்கேதான். அதே பேச்சைச் சாட்டில் எழுதியிருந்தால் அது எழுத்து அவதூறு, அதற்கும் நஷ்டக் கணக்கு கேட்க மாட்டார்கள்.

நீங்கள் குடியிருப்பது இந்தியாவில் என்பதும் பெரிய விஷயம். அதே சட்டத்தின் 9வது பிரிவுப்படி, வழக்கு நடத்த இங்கிலாந்துதான் மிகப் பொருத்தமான இடம் என்று தெளிவாகத் தெரிந்தால் மட்டுமே அந்த நீதிமன்றம் உங்கள் மேல் வழக்கை எடுக்கும். இந்த ஆட்சேபணையை ஆரம்பத்திலேயே எழுப்புங்கள். அதற்காக நோட்டீஸைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், லண்டன் ஹைகோர்ட் பணம் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தால் நம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவில் இங்கேயே வசூலிக்க மனு போடலாம்.

இனி தற்காப்பு. ஆபீஸ் பேச்சுக்கு என் பார்வையில் நல்ல கவசம் வரம்புக்குட்பட்ட சிறப்புரிமை. சொல்லும் கடமையோ அக்கறையோ உங்களுக்கு இருந்து, கேட்பவருக்கும் அதே அக்கறை இருந்தால், சொன்னது தப்பாகவே இருந்தாலும் தப்பிக்கலாம். கிளையன்ட் "அந்த ஆளைத் திரும்ப எடுக்கலாமா?" என்று கேட்டு நீங்கள் நம்பியதைச் சொல்லியிருந்தால் இது பொருந்தும். இதை உடைக்க எதிராளி உங்கள் வன்மத்தை நிரூபிக்க வேண்டும். அதற்கு அவர்கள் தேடுவது உங்கள் பழைய வாட்ஸ்அப் மெசேஜ்களைத்தான், "அவனை ஒரு வழி பண்றேன்" என்று எங்காவது எழுதியிருந்தால் கஷ்டம், அதற்காக இப்போது எதையும் அழிக்காதீர்கள், அது இன்னும் மோசமாகும். சம்பந்தமே இல்லாதவர்களை வீடியோ காலில் சேர்த்து வைத்துக்கொண்டு பேசியிருந்தாலும் கவசம் பலவீனமாகும்.

"அவர் வேலை சுமார்தான்" என்பது போன்ற பேச்சுக்கு அந்த 2013 சட்டத்தின் 3வது பிரிவில் நேர்மையான கருத்து என்ற வாதம் உண்டு. அது கருத்து என்று கேட்டவருக்குப் புரிந்திருக்க வேண்டும், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதையும் பொதுவாகவாவது காட்டியிருக்க வேண்டும், அன்றைக்கு இருந்த உண்மைகளை வைத்து நேர்மையான ஒருவர் அப்படி நினைத்திருக்க முடிய வேண்டும். மணிக்கணக்கைக் கூட்டினார் என்பது கருத்தில்லை, குற்றச்சாட்டு. அதற்கு 2வது பிரிவின் உண்மை வாதம் வேண்டுமென்றால் டைம்ஷீட், பில், மெயில் எல்லாம் கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லும் சரியாக இருக்க வேண்டியதில்லை, சாரம் உண்மையாக இருந்தால் போதும்.

சொன்னது தப்பு என்று உங்களுக்கே தோன்றினால் இங்கிலாந்தின் 1996 அவதூறுச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. திருத்தம், மன்னிப்பு, இழப்பீடு மூன்றையும் எழுத்தில் முன்வைக்கலாம், ஆனால் எதிர்வாத மனுவைக் கொடுப்பதற்கு முன்பே அதைச் செய்ய வேண்டும். தம்பி இப்போது பழைய டைம்ஷீட்களைத் தேடிக்கொண்டிருக்கிறார், இங்கிலாந்து வக்கீல் ஒருவரிடம் பேசவும் நேரம் வாங்கிவிட்டார்.