தி க்ரூ: பேசாமல் ஆடும் விண்வெளி ஆட்டம் – முதல் ஐந்து மிஷன்களுக்கு ஒரு வழிகாட்டி

எல்லோரும் ஒரே அணியாகச் சேர்ந்து ஆடும் ஆட்டங்களில் ஒரு தொல்லை உண்டு. ஆட்டம் நன்றாகத் தெரிந்த ஒருவர் "நீ இதைச் செய், நீ அதை வை" என்று சொல்லிச் சொல்லித் தானே ஆடி முடித்துவிடுவார். மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். 'தி க்ரூ' என்ற சீட்டாட்டம் அந்த ஆளின் வாயை அடைத்துவிடுகிறது. கையில் என்ன சீட்டு இருக்கிறது என்பதை யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது. ஆனால் ஜெயித்தால் எல்லோரும் ஜெயிக்க வேண்டும்.

தாமஸ் சிங் வடிவமைத்து, ஜெர்மனியின் காஸ்மோஸ் நிறுவனம் 2019இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டே, ஓரளவு பழகியவர்களுக்கான ஆட்டங்களுக்கு அந்நாட்டில் தரப்படும் 'கென்னர்ஷ்பீல் டெஸ் யாரெஸ்' விருதை வாங்கியது. கதை, சூரியக் குடும்பத்தின் விளிம்பில் ஒளிந்திருப்பதாகச் சொல்லப்படும் ஒன்பதாம் கோளைத் தேடிப் போகும் பயணம். இது முழுக் கற்பனையும் அல்ல. நெப்டியூனுக்கு அப்பால் சில சிறு கோள்களின் பாதைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடப்பதை வைத்து, அங்கே ஒரு பெரிய கோள் இருக்கக்கூடும் என்று அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கான்ஸ்டன்டின் பாட்டிகினும் மைக் பிரவுனும் 2016இல் சொன்னார்கள். புளூட்டோவின் கோள் பதவி பறிபோகக் காரணமான கண்டுபிடிப்பைச் செய்தவரும் இதே பிரவுன்தான்!

மொத்தம் 50 மிஷன்கள். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. ஒரு மிஷன் சில நிமிடங்களில் முடிந்துவிடும், அதனால் ஒரே மாலையில் ஐந்தாறு ஆடலாம். இந்தப் பதிவு முதல் ஐந்துக்கு மட்டும்.

படி 1: பெட்டியில் என்ன இருக்கிறது?

பெரிய சீட்டுகள் 40. இளஞ்சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என நான்கு நிறங்களில் 1 முதல் 9 வரை 36. மீதி நான்கும் ராக்கெட்டுகள், 1 முதல் 4 வரை. ராக்கெட்தான் துருப்பு, அதாவது மற்ற எல்லா நிறங்களையும் வெல்லும் சீட்டு. இவை போக, அந்த 36 நிறச் சீட்டுகளின் சின்ன நகல்கள் இருக்கும். அவைதான் டாஸ்க் சீட்டுகள். ஆளுக்கொரு ரேடியோ வில்லை, கதையும் மிஷன்களும் அடங்கிய ஒரு குறிப்பேடு, சில சில்லறை வில்லைகள், அவ்வளவுதான்.

பெட்டி வாங்குவதற்கு முன் ஆடிப் பார்க்க ஆசையா? வீட்டில் இரண்டு சீட்டுக்கட்டு இருந்தால் போதும். முதல் கட்டில் ஏஸ் முதல் 9 வரை நான்கு இனத்தையும் எடுங்கள், ஏஸ்தான் 1. நான்கு ராஜாக்களின் மேல் பென்சிலால் 1, 2, 3, 4 என்று எழுதினால் ராக்கெட் தயார். இரண்டாவது கட்டின் ஏஸ் முதல் 9 வரை உள்ளவை டாஸ்க் சீட்டுகள். ரேடியோ வில்லைக்கு ஆளுக்கு ஒரு நாணயம்.

படி 2: சீட்டைப் பிரியுங்கள்

40 சீட்டுகளையும் குலுக்கி முழுவதும் பிரித்துவிட வேண்டும். நான்கு பேர் என்றால் ஆளுக்குப் பத்து, ஐந்து பேர் என்றால் எட்டு. மூன்று பேர் என்றால் ஒருவருக்கு 14 வரும், கடைசியில் அவர் கையில் ஒரு சீட்டு மிஞ்சும், விட்டுவிடலாம். ராக்கெட் 4 யாருக்கு விழுந்ததோ அவர் உடனே சொல்ல வேண்டும். அந்த மிஷனுக்கு அவரே கமாண்டர்.

படி 3: ஒரு சுற்று எப்படிப் போகும்?

யாழ்ப்பாணத்து 304 சீட்டாட்டம் ஆடிப் பழகியவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். இங்கே 9தான் பெரியது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளுக்கு ஒரு சீட்டு இறக்கினால் ஒரு சுற்று. முதல் சுற்றைக் கமாண்டர் தொடங்குகிறார். அவர் இறக்கிய நிறம் உங்களிடம் இருந்தால் அதைத்தான் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் எதை வேண்டுமானாலும் போடலாம், ராக்கெட்டால் வெட்டலாம். வெட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தொடங்கிய நிறத்தில் பெரிய சீட்டுக்குச் சுற்று. ராக்கெட் விழுந்திருந்தால் பெரிய ராக்கெட்டுக்கு. ஜெயித்தவர் அந்தச் சீட்டுகளை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த சுற்றைத் தொடங்குவார். ராக்கெட்டை இறக்கித் தொடங்கினால், ராக்கெட் உள்ளவர்கள் எல்லோரும் ராக்கெட்தான் போட்டாக வேண்டும்.

எத்தனை சுற்று ஜெயித்தோம் என்ற கணக்கே இதில் கிடையாது.

படி 4: டாஸ்க் எடுப்பது

மிஷன் 1இல் ஒரு டாஸ்க். 2இலும் 3இலும் இரண்டு, 4இல் மூன்று. டாஸ்க் சீட்டுகளைத் திறந்து நடுவில் வைத்து, கமாண்டரில் தொடங்கி இடப்பக்கமாக வரிசையாக ஒவ்வொருவரும் ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். 'பச்சை 3' டாஸ்க்கை எடுத்தால், பச்சை 3 விழும் சுற்றை நீங்களே ஜெயிக்க வேண்டும். அது வேறு யார் கைக்குப் போனாலும் அங்கேயே மிஷன் தோல்வி.

மிஷன் தோற்பது பெரும்பாலும் இந்தப் படியில்தான், சீட்டு இறக்கும்போது அல்ல. அதனால் ஒரு கையை எடுத்துப் பார்ப்போம்.

நான்கு பேர், மிஷன் 2. டாஸ்க்குகள் பச்சை 3, மஞ்சள் 6. நீங்கள் கமாண்டர். உங்கள் கையில் பச்சை 9, 8, 5, மஞ்சள் 6, 2, நீலம் 7, 1, இளஞ்சிவப்பு 8, 4, ராக்கெட் 4. எதை எடுப்பீர்கள்?

புதிதாக ஆடுபவர்கள் மஞ்சள் 6ஐ எடுப்பார்கள். "என்னிடமே இருக்கிறதே!" என்பது அவர்கள் நியாயம். அங்கேதான் சிக்கல். ஒரு சுற்றில் நீங்கள் ஒரு சீட்டுதான் இறக்க முடியும். அது மஞ்சள் 6 என்றால் அந்த 6ஏ ஜெயித்தாக வேண்டும். 7, 8, 9 மூன்றும் வெளியே இருக்கின்றன.

பச்சை 3ஐ எடுங்கள். அது உங்களிடம் இல்லை, ஆனால் பச்சை 9 இருக்கிறது. முதல் சுற்றிலேயே பச்சை 9ஐ இறக்குங்கள். உங்கள் டாஸ்க் எல்லோருக்கும் தெரியும் என்பதால், பச்சை 3 வைத்திருப்பவர் கேட்காமலேயே அதைத் தள்ளிவிடுவார். பச்சை இல்லாதவர் வெட்டலாம்தான், ஆனால் உங்கள் ஆள் ஏன் வெட்டப் போகிறார்?

மஞ்சள் 6 டாஸ்க் இடப்பக்கம் இருப்பவருக்குப் போகும். அதை அவர் கையில் கொண்டுசேர்ப்பது உங்கள் வேலை. பெரிய சீட்டு கையில் இருந்தால் அந்த நிறத்து டாஸ்க்கை எடுங்கள், டாஸ்க்கில் உள்ள சின்ன சீட்டே கையில் இருந்தால் அடுத்தவருக்கு விடுங்கள். தொடக்கத்துக்கு இது போதும்.

படி 5: ரேடியோ

இடப்பக்கத்தவரிடம் மஞ்சள் 9 இருக்கிறதா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? கேட்கக் கூடாது. முகத்தைச் சுளிப்பது, பெருமூச்சு விடுவது, சீட்டைப் பாதி எடுத்துத் திரும்ப வைப்பது எல்லாம் என் கணக்கில் பேச்சுதான்.

ஒரு மிஷனுக்கு ஒரே ஒருமுறை, ஒரு சுற்று தொடங்குவதற்கு முன், ஒவ்வொருவரும் ஒரு நிறச் சீட்டைத் திறந்து மேசையில் வைத்துக் காட்டலாம். ரேடியோ வில்லையைச் சீட்டின் மேற்பக்கம் வைத்தால் "இந்த நிறத்தில் என்னிடம் இதுதான் பெரியது". கீழே வைத்தால் "இதுதான் சின்னது". நடுவில் வைத்தால் "இந்த நிறத்தில் இது ஒன்றுதான்". மூன்றில் ஒன்று உண்மையாக இருந்தால்தான் அந்தச் சீட்டைக் காட்டலாம். ராக்கெட்டைக் காட்டவே முடியாது. திறந்து வைத்த பின்னும் அது உங்கள் கைச் சீட்டுதான், வேண்டும்போது அங்கிருந்தே இறக்கலாம்.

நம் உதாரணத்தில் இடப்பக்கத்தவர் மஞ்சள் 9ஐ வைத்து மேலே வில்லையை வைக்கிறார். நீங்கள் பச்சை 9ஐ இறக்கி உங்கள் டாஸ்க்கை முடித்தாயிற்று. ஜெயித்தவர் நீங்கள், அடுத்த சுற்றும் உங்களுடையது. இப்போது மஞ்சள் 6. அவர் 9ஐப் போட்டு எடுத்துக்கொள்வார். இரண்டே சுற்றில் மிஷன் முடிந்தது.

அவர் வில்லையை மேலே வைத்துக் காட்டியது மஞ்சள் 7 என்றால்? அவரிடம் 8, 9 இல்லை என்று அர்த்தம். 6ஐ இறக்கிவிடாதீர்கள். உங்களிடம் நீலம் இரண்டுதான், இரண்டையும் முதலில் கழித்துவிடுங்கள். பிறகு அவர் நீலத்தில் ஜெயிக்கும் சுற்றில் மஞ்சள் 6ஐத் தூக்கிப் போடலாம். இந்த மாதிரி ஒரு சுற்று அமைந்தால் அன்றைக்கே இந்த ஆட்டத்துக்கு அடிமையாகிவிடுவீர்கள்.

எல்லோரும் எடுத்த எடுப்பில் ரேடியோவைச் செலவழிக்க வேண்டாம். நடுவில் வைக்கும் 'ஒன்றுதான்' தகவல்தான் பல சமயம் மற்ற இரண்டையும் விட உபயோகமானது. அந்த நிறத்தைத் தொடங்கினால் எந்தச் சீட்டு விழும் என்பது உறுதியாகிவிடுகிறது.

படி 6: வரிசை வில்லைகள்

மிஷன் 3இல் டாஸ்க்குகளின் மேல் 1, 2 என்ற வில்லைகள் இருக்கும். முதலாவது முடிந்த பிறகே இரண்டாவது. பின்னால் வரும் மிஷன்களில் அம்பு போட்டவை வரும். ஒற்றை அம்பு இரட்டை அம்புக்கு முன்னால் முடிய வேண்டும், நடுவில் வேறு டாஸ்க்குகள் முடிந்தால் பரவாயில்லை. ஒமேகா (Ω) குறி போட்ட டாஸ்க் கடைசியாக முடிய வேண்டும்.

படி 7: ஐந்தாவது மிஷன்

இதில் டாஸ்க்கே கிடையாது. குழுவில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, அவர் ஒரு சுற்றுகூட ஜெயிக்கக் கூடாது. கமாண்டர் ஒவ்வொருவரிடமும் "எப்படி இருக்கிறது?" என்று கேட்பார். "நன்றாக இருக்கிறேன்", "நன்றாக இல்லை", இந்த இரண்டில் ஒன்றுதான் பதில். கையில் 9உம் ராக்கெட்டும் இருப்பவர் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட வேண்டும். சின்னச் சீட்டுகளாக வைத்திருப்பவர் நோயாளி ஆகலாம். அதன் பிறகு மற்றவர்கள் அவரைக் கடைசிச் சுற்று வரை காப்பாற்ற வேண்டும். அவரிடம் ஒரு நிறத்தில் ஒரே ஒரு 8 இருந்தால், 9 வைத்திருப்பவர்தான் அந்த நிறத்தைத் தொடங்க வேண்டும். அது 9 வைத்திருப்பவருக்குத் தெரிய வேண்டுமானால் ரேடியோ.

தோற்றால்?

குலுக்கி மறுபடி ஆடுங்கள், எத்தனை முயற்சி என்பதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கை மிக மோசமாக இருந்தால் முதல் சுற்றுக்கு முன் எல்லோரும் ஒப்புக்கொண்டு அபாயச் சமிக்ஞையை எழுப்பலாம். ஆளுக்கொரு சீட்டைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தர வேண்டும். எல்லோரும் இடப்பக்கம், அல்லது எல்லோரும் வலப்பக்கம். ராக்கெட்டைத் தர முடியாது. இதற்கு விலை, கணக்கில் ஒரு முயற்சி கூடும். முதல் ஐந்து மிஷன்களில் இதைத் தொட வேண்டிய அவசியமே வராது என்பது என் எண்ணம்.

இருவர் மட்டும் ஆடவும் விதி உண்டு. ஜார்விஸ் என்ற கற்பனை ஆட்டக்காரருக்கு 14 சீட்டைப் பரப்பி வைத்து அவருக்காகக் கமாண்டர் இறக்குவார். ஆனால் மூன்று அல்லது நான்கு பேரோடு கொஞ்சம் ஆடிப் பழகிவிட்டு அதற்கு வாருங்கள்.