அழுத்தத்தில் சிக்கிய மணிக்கட்டு நரம்பு: விரவல் எம்ஆர்ஐயில் அளப்பது எப்படி?

விரல்கள் மரத்துப்போகின்றன, இரவில் கை எரிந்து தூக்கம் கலைகிறது, உதறினால் கொஞ்சம் தேவலை. பலதுறை மருந்தகத்துக்கு இப்படிச் சொல்லிக்கொண்டு வருபவர்களில் பலருக்கு, மணிக்கட்டின் குறுகிய வழியான கார்பல் டனலுக்குள், விரல்களுக்குச் செல்லும் மீடியன் நரம்பு நசுங்கியிருக்கும். மருத்துவரின் பரிசோதனை, நரம்புக் கடத்தல் சோதனை, அல்ட்ராசவுண்ட் ஆகியவையே பெரும்பாலும் போதும். அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாதபோதும், அறுவைக்குப் பிறகும் குறை தீராதபோதும்தான் விரவல் எம்ஆர்ஐ (டிஃப்யூஷன் எம்ஆர்ஐ) கைகொடுக்கும். ஸ்கேன் எடுப்பவர் செய்ய வேண்டியவை கீழே, படிப்படியாக.

தண்ணீரை வெள்ளையாகக் காட்டும் வழக்கமான டி2 படத்தில் நரம்பின் வீக்கம் தெரியும். விரவல் படம் அளப்பது வேறு: தண்ணீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் எவ்வளவு எளிதாக நகர்கின்றன என்பதை. நல்ல நரம்பில் அவை இழையின் நீளவாக்கில் தாராளமாகவும், குறுக்குவாக்கில் சிரமப்பட்டும் நகரும். நீர் கோத்து, நரம்பிழையைப் போர்த்தும் மையலின் உறை கெட்டால் குறுக்கு நகர்வு கூடும். அப்போது, நகர்வு எவ்வளவு ஒரே திசையில் இருக்கிறது என்பதை 0 முதல் 1 வரை காட்டும் எஃப்ஏ இறங்கும், நகர்வின் சராசரி அளவான ஏடிசி ஏறும்.

படி 1: கேள்வி கேளுங்கள், கையைச் சூடாக்குங்கள்

சிங்கப்பூரின் துவாஸ், ஜூரோங் பட்டறைகளில் அதிரும் கருவி பிடித்துக் கை மரத்துப்போனவர்களுக்குக் கண்ணில் இரும்புத் துகள் தங்கியிருக்கவும் வாய்ப்புண்டு, காந்தம் அதை அசைத்துவிடும். படிவத்தில் 'இல்லை' என்று டிக் போட்டிருந்தாலும் வாய்விட்டுக் கேளுங்கள்: "அண்ணே, கிரைண்டிங் பண்ணும்போது கண்ணுல தூசி பட்டு டாக்டர்கிட்ட போயிருக்கீங்களா?" 'ஆமாம்' என்றால் முதலில் கண்குழிக்கு எக்ஸ்ரே. வளையல், காப்பு, தாலிச் சங்கிலி, வெள்ளி அரைஞாண் எல்லாம் கழற்றிய பிறகே உள்ளே.

ஏர்கான் குளிரில் உட்கார்ந்திருந்தவரின் கை சில்லிட்டிருக்கும். ஒரு டிகிரி குறைந்தால் தண்ணீரின் விரவல் ஏறத்தாழ 2 விழுக்காடு குறையும். 5 டிகிரி குளிர்ந்த கையில் ஏடிசி 10 விழுக்காடு இறங்கி, வீங்கிய நரம்பும் நல்லதுபோல் காட்டும். போர்வையால் சுற்றிச் சற்று நேரம் காத்திருங்கள்.

படி 2: படுக்க வைப்பது

பாதி வெற்றி இங்கேதான். குப்புறப் படுத்து, கையைத் தலைக்கு மேல் நீட்டினால் மணிக்கட்டு காந்தத்தின் நடுமையத்துக்கு வரும். படம் நன்றாக அமையும். ஆனால் தோள்பட்டை வலி உள்ளவரால் பத்து நிமிடம்கூடத் தாங்க முடியாது, கை நடுங்கத் தொடங்கிவிடும். அவரை மல்லாக்கப் படுக்க வைத்து, கையைப் பக்கவாட்டில் வைத்து, உடலையே எதிர்ப்பக்கம் நகர்த்தி மணிக்கட்டை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அசைந்த நல்ல நிலையைவிட அசையாத சுமாரான நிலை மேல்.

மணிக்கட்டு வளையாமல் நேராக, சமிக்ஞையை வாங்கும் மணிக்கட்டுக் காயிலுக்குள் இருக்கட்டும். தோலைச் சுற்றியுள்ள காற்று காந்தப்புலத்தைக் கெடுக்கும். உலர்ந்த அரிசியைச் சின்னப் பிளாஸ்டிக் பைகளில் கட்டி இடைவெளியில் செருகினால் புலம் சீராகும், கையும் அசையாது.

படி 3: உருவப் படம்

குறுக்குவெட்டில் ஒரு டி1 (கொழுப்பு வெள்ளையாகத் தெரியும் படம்), கொழுப்பு அடக்கிய ஒரு டி2. நரம்பு எங்கே என்று பின்னால் இதை வைத்துத்தான் தேடப்போகிறீர்கள்.

படி 4: விரவல் படம்

3 டெஸ்லா கருவியில் தொடங்குவதற்கு ஏற்ற அமைப்பு: பி மதிப்பு (விரவலை எவ்வளவு அழுத்தமாகக் காட்டுவது என்ற அளவு) 0, 1000, திசைகள் 20, பி 0 படங்கள் (விரவல் சேராதவை) 3, பிக்சல் 1.3 மி.மீ.; வெட்டுத் தடிமன் 3 மி.மீ., இடைவெளி இல்லாமல் 30 வெட்டு, டிஇ (சமிக்ஞை வரும்வரை காத்திருக்கும் நேரம்) 80 மில்லி வினாடிக்குள், டிஆர் (ஒரு சுற்றின் நேரம்) 4 வினாடி, சராசரி 3 (ஒவ்வொன்றும் மூன்று முறை). மொத்தம் ஏறத்தாழ நாலரை நிமிடம். வெட்டுகள் நரம்புக்குச் செங்குத்தாக விழ வேண்டும்.

தொடக்கநிலையாளர்களைக் கவிழ்ப்பது கொழுப்புதான். 3 டெஸ்லாவில் கொழுப்புக்கும் தண்ணீருக்கும் ஏறத்தாழ 440 ஹெர்ட்ஸ் வித்தியாசம். விரவல் படத்தை எடுக்கும் அதிவேக எக்கோ பிளானர் முறையில், கட்டத் திசையில் (ஃபேஸ் என்கோடிங்) ஒரு பிக்சலுக்கு 20 ஹெர்ட்ஸ்தான் என்றால், அடங்காத கொழுப்பு 22 பிக்சல், அதாவது கிட்டத்தட்ட 3 செ.மீ. தள்ளி விழும். உள்ளங்கைக் கொழுப்பு நரம்பின் தலையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். காந்தப்புலத்தைச் சீராக்கும் ஷிம் பெட்டியை மணிக்கட்டுக்கு மட்டும் இறுக்கமாகப் போடுங்கள், கொழுப்படக்கத்தைத் தவறாமல் இயக்குங்கள். கட்டத் திசை உள்ளங்கையிலிருந்து புறங்கைக்கு, இணைப்படக் காரணி (பல காயில்களைக் கொண்டு வேகமாக எடுக்கும் மடங்கு) 2. கட்டத் திசையை எதிராக்கிய ஒரு பி 0 படமும் எடுத்துவைத்தால் பின்னர் நெளிவைத் திருத்தலாம்.

படி 5: அனுப்பும் முன் பாருங்கள்

பி 1000 படத்தை ஒவ்வொரு வெட்டாக உருட்டுங்கள். தசைநாண்கள் கறுத்திருக்க, நரம்பு வெள்ளைப் புள்ளியாகத் தொடர வேண்டும். இடையில் காணாமல் போனால், நோயாளி எழுவதற்குள் மீண்டும் எடுங்கள். இரைச்சல் மிகுந்த படத்தில் எஃப்ஏ பொய்யாக உயரும். நோயுற்ற நரம்பை நல்லதென்று சொல்லிவிடும்.

படி 6: அளப்பது

இலவச மென்பொருள்களான எஃப்எஸ்எல் அல்லது எம்ஆர்டிரிக்ஸில் அசைவையும் நெளிவையும் திருத்தி, எல்லாத் திசை நகர்வையும் தொகுத்து எஃப்ஏ, ஏடிசி தரும் டென்சரைக் கணக்கிடுங்கள். நரம்பின் பரப்பு ஏறத்தாழ 10 சதுர மி.மீ.; நம் பிக்சல் 1.69 (1.3 × 1.3). ஆக, ஒரு வெட்டில் நரம்புக்குக் கிடைப்பது ஆறே பிக்சல்தான். திரையில் வழவழப்பாகத் தெரிவது கருவி இட்டு நிரப்பியது. அதை நம்பி விளிம்புவரை வட்டம் போடாதீர்கள், கொழுப்பும் கலந்துவிடும். நடுவில் மூன்று, நான்கு பிக்சலை மட்டும் எடுத்து, அடுத்தடுத்த மூன்று வெட்டுகளின் சராசரியைக் காணுங்கள். முன்கையின் கீழ்ப்பகுதி, மணிக்கட்டின் பிசிஃபார்ம் எலும்பு மட்டம், ஹமேட் எலும்பின் கொக்கி மட்டம் என மூன்று இடங்களில் அளந்தால் போதும்.

நரம்பிழையின் பாதையை மென்பொருள் வரையும் வண்ண வண்ணமான இழைத்தடப் படம் பார்ப்பவரைக் கவரும். ஆனால் தடம் அறுந்து தெரிவதால் நரம்பு அறுந்துவிட்டது என்றாகாது. எஃப்ஏ, நீங்கள் வைத்த வரம்புக்குக் கீழே இறங்கினாலே மென்பொருள் தடத்தை நிறுத்திவிடும்.

படி 7: எழுதுவது

எஃப்ஏ இவ்வளவுக்குக் கீழே என்றால் நோய் என்று எல்லாக் கருவிக்கும் பொருந்தும் எல்லைக்கோடு கிடையாது. வயது ஏறினாலும் எஃப்ஏ இறங்கும். நலமான கையிலும் விரல் பக்கம் போகப்போகக் கொஞ்சம் குறையும். அந்தக் கருவியிலேயே, அதே அமைப்பில், அந்த வயதையொத்த நலமானவர்களை ஸ்கேன் செய்து வைத்திருங்கள், அதுதான் அளவுகோல். மறு கையை 'நல்ல கை' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், இந்த நோய் பலருக்கு இரண்டு கையிலும் இருக்கும். அறிக்கையில் காந்தப்புலம், பி மதிப்பு, திசை எண்ணிக்கை, அளந்த மட்டம், படுக்கவைத்த நிலை எல்லாவற்றையும் குறியுங்கள். அறுவைக்குப் பின் அவர் திரும்பி வரும்போது, எடுப்பவர் வேறொருவராக இருந்தாலும் அதே அமைப்பில் எடுக்க அது உதவும்.