வீட்டுத்திட்டம் பற்றி ஊரில் விவாதம் வைப்பது எப்படி

"வீடற்றவர்களுக்கு அரசு உதவவேண்டும்" என்று தலைப்பு வைத்தால், தொடங்க முன்னரே விவாதம் முடிந்துவிடும். இலங்கையின் வடக்கே வன்னியில் அதை மறுத்துப் பேச ஒருவரும் எழும்பமாட்டார். உண்மையிலேயே இரண்டு பக்கம் உள்ள கேள்வி வேண்டும்: "காணி அனுமதிப்பத்திரம் இல்லாத குடும்பத்துக்கும் வீட்டுத்திட்டம் (வீடு கட்டத் தரும் உதவி) கொடுக்கவேண்டும்", "உபகுடும்பத்தை (பெற்றோர் வீட்டிலேயே இருக்கும் மணமுடித்த பிள்ளையின் குடும்பம் போன்றதை) தனிக்குடும்பமாகக் கணக்கெடுக்கவேண்டும்", "கட்டிமுடித்துத் தரும் வீட்டைவிட, வீட்டுக்காரரே கட்டத் தரும் தவணைப் பணமே நல்லது". ஒரு மாலைக்கு ஒன்றே போதும்.

அடுத்து, வீடற்றவர் யார் என்பதை இரு அணியும் முன்கூட்டியே எழுதி ஒத்துக்கொள்ளவேண்டும். அதிகம் மினைக்கெடவேண்டிய இடம் இதுதான். இங்கே வீடற்றவர் தெருவில் படுப்பதில்லை, அதனால் கண்ணுக்குப் படுவதுமில்லை. போருக்குப் பின் மீள்குடியேறிய நாள் முதல் தகரக் கொட்டிலில் இருப்பவர், தமையனின் வளவுக்குள் ஒத்தாப்பு இறக்கிக் குடும்பம் நடத்துபவர், தவணை நின்றுபோன அரைச்சுவருக்கு மேல் தறப்பாள் கட்டியிருப்பவர், சொந்தக் காணி படையினரிடம் இருப்பதால் வாடகைக்கு இருப்பவர்: இந்த நால்வரில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது? இதைத் தீர்க்காமல் மேடையேறினால் ஒரு அணி கொட்டிலைப் பற்றியும் மற்ற அணி காணியைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும்.

தரவுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். பயனாளி தெரிவுக்கான புள்ளிமுறை, வந்த விண்ணப்பங்களின் தொகை, ஒவ்வொரு தவணையும் எத்தனை பேருக்கு விடுவிக்கப்பட்டது என்ற மூன்றையும் கேளுங்கள். "வீட்டுத்திட்டம் பற்றிய முழு விபரம்" என்று பொதுப்படக் கேட்டால் பதிலும் பொதுப்படவே வரும். முடிவெடுக்க 14 வேலைநாள், அதன்பின் தகவல் தர இன்னும் 14 நாள். ஆகவே கூட்டத்துக்குக் குறைந்தது ஒன்றரை மாதம் முன்னரே கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டை வாங்கி வைக்கவேண்டும்.

பேச்சாளர் கையில் இருக்கவேண்டிய பழைய கணக்குகளும் உண்டு. 2012இல் வடக்கு கிழக்கில் பரவலாகத் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டம் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாவைத் தவணையாகக் கொடுத்தது. கட்டுவது குடும்பத்தின் பொறுப்பு. 2016இல் முன்வைக்கப்பட்ட 65,000 இரும்பு வீடுகளுக்கு ஒன்றுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் என்று விலை பேசப்பட்டபோது, அந்தக் காசில் எத்தனை கல்வீடு கட்டலாம் என்று வடக்கில் எதிர்ப்பு எழுந்தது. வெப்பம், அத்திவாரம், விறகடுப்பு எரிக்கும் குசினி எல்லாம் அப்போது வாதத்துக்கு வந்தன. ஆனால் இரண்டு தொகையையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடாது. இடையில் சீமெந்தும் மேசன் கூலியும் ஏறிவிட்டன. எந்த ஆண்டின் விலை என்று சொல்லாத தொகையை நடுவர் ஏற்கக்கூடாது.

தவணைப் பணத்துக்கு ஆதரவாகப் பேசுவோர், வீட்டுக்காரரே மேசனைப் பிடித்து மணலையும் கல்லையும் பார்த்து வாங்குவதால் வீடு உறுதியாக வரும் என்பதை முன்வைக்கலாம். எதிரணியின் பலம் கடன்: அடுத்த தவணை வரக் குறித்த வேலை முடியவேண்டும், அது வரும்வரை மேசன் காத்திருக்கமாட்டார், நகை அடைவுக்குப் போகும். தனித்து வாழும் முதியவருக்கும் குடும்பத்தைத் தாங்கும் பெண்ணுக்கும் இந்தச் சுமை இரட்டிப்பு. குடும்ப அங்கத்தவர் தொகைக்குப் புள்ளி கொடுத்தால், பிள்ளைகளைப் போரில் இழந்த தாய்தகப்பன் பட்டியலின் அடியில் போய்விடுவார்கள். இந்த வாதத்தை எந்த அணியும் தவறவிடக்கூடாது.

நலன்புரியையும் இதோடு சேர்த்தே பேசவேண்டும். 2023இல் தொடங்கிய அஸ்வெசும என்ற அரச நலன்புரி உதவித்தொகைத் திட்டம் 22 சுட்டிகளால் குடும்பத்தை அளக்கிறது. வீட்டின் நிலையும் அதில் அடங்கும். கடன்பட்டுக் கட்டிய கல்வீட்டை வசதி என்று எண்ணலாமா என்பது நல்ல குறுக்குக் கேள்வி. "வீடு எங்கள் உரிமை" என்று முழங்குபவர் சட்டத்தையும் பார்த்துக்கொண்டு வரவேண்டும்: அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை போதிய உணவு, உடை, வீடு பற்றிச் சொல்கிறது, 29ஆம் உறுப்புரையோ அதை வைத்து நீதிமன்றம் போகமுடியாது என்கிறது.

அணிக்கு மூவர், ஆளுக்கு ஐந்து நிமிடம், தொகுப்புரைக்கு அணிக்கு மூன்று, சபையோருக்கு அரைமணி. காலபோக (மாரிமழை) நெல் அறுவடை நாட்களைத் தவிருங்கள். பின்னேரம் நான்கு மணிக்குத் தொடங்கினால் பெண்கள் இருட்டமுன் வீடுபோகலாம். கிராம அலுவலரை நடுவராக்கவேண்டாம். அவர் முன்னால் பட்டியலைப் பற்றிப் பேச ஊரவர் தயங்குவர். விளக்கம் சொல்பவராக அழைக்கலாம். எந்தக் குடும்பத்தின் பெயரும் மேடையில் வரக்கூடாது. "ரோட்டோரத்துக் கல்வீட்டுக்காரர்" என்று சொன்னாலும் ஊருக்கு ஆள் விளங்கிவிடும்.

முடிவில் வெற்றி தோல்வி அறிவிப்பதைவிட, இரு அணியும் உடன்பட்ட கோரிக்கைகளை அன்றைக்கே அறிக்கைப் புத்தகத்தில் எழுதி, கிராம அபிவிருத்திச் சங்கத்தினதும் மாதர் சங்கத்தினதும் தலைவர், செயலாளரிடம் ஒப்பம் வாங்குங்கள். பிரதியைப் பிரதேச செயலாளருக்குப் பதிவுத்தபாலில் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டை அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவைக்கவேண்டும்.